ரெண்டாக வெட்டிய முட்டை

"தனம், முட்டைய ரெண்டா வெட்டிக் குடு."

சூசை இப்படிச் சொன்னதும் என் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

எர்ணாவூர் ரோட்டோரத்தில், ஒரு தள்ளுவண்டியில், தனத்தின் அத்தோ கடை இருக்கிறது. பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த குடும்பத்தின் மருமகள் அவள். மாமியாரிடம் கற்றுக்கொண்ட கை. நூடுல்ஸில் முட்டைக்கோஸையும் வறுத்த வெங்காயத்தையும் போட்டு, புளித்தண்ணீர் விட்டுப் பிசைந்து கொடுப்பாள். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். கடைசியில் முட்டை.

அந்த முட்டையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அவித்த முட்டையை நடுவில் லேசாகக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயமும் பூண்டும் மிளகாய்த் தூளும் அடைத்து, மேலே புளித்தண்ணீர் தெளித்துத் தருவாள். எங்கள் பக்கத்தில் அதைக் கடித்துச் சாப்பிடுகிற வழக்கம் கிடையாது. முழுசாக வாய்க்குள் தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு அரைக்க வேண்டும். கடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் சட்டையில் கொட்டும். அப்படிக் கொட்டிக்கொள்கிறவன் வெளியூர்க்காரன். பக்கத்தில் நிற்கிறவன் சிரிப்பான்.

சூசை அந்த முட்டையைச் சாப்பிடுவதைப் பார்க்கவே கூட்டம் நிற்கும். ஒன்றைப் போட்டு மென்றுகொண்டிருக்கும்போதே அடுத்ததற்குக் கை நீட்டுவான். அப்பேர்ப்பட்டவன் ரெண்டாக வெட்டச் சொன்னான்.

"இன்னாடா மாமு, பொண்ணக் கட்டிக் குடுத்ததும் டீசன்ட் ஆயிட்டியா?" என்று கேட்டேன். அவன் மகளுக்கு வேளச்சேரிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் மாப்பிள்ளை அமைந்து, கல்யாணம் முடிந்திருந்த சமயம் அது. "சம்பந்தி வூட்ல முள்ளுக் கரண்டி குடுத்துப் பழக்கிட்டாங்களா?"

தனம் சிரித்தாள். கடையில் நின்ற மற்றவர்களும் சிரித்தார்கள். சூசையும் சிரித்தான், கையால் வாயை மூடிக்கொண்டு. புதுப் பவிசு என்றுதான் நான் அதையும் நினைத்தேன்.

என் பெருமையை நான்தான் எழுத வேண்டும்

இந்தத் தொடரில் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "உங்களைப் பற்றி நீங்களே இவ்வளவு உயர்வாக எழுதிக்கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறார். வேறு யார் எழுதுவார்கள், ஐயா? புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, இன்றைக்குத் திருவொற்றியூரில் சொந்தக் கன்டெய்னர் யார்டும் டிரெய்லர் லாரிகளுமாக நிற்கிறவன் நான். ஹார்பர் கேட்டில் என் வண்டியின் நீல நிறத்தைத் தூரத்திலிருந்து பார்த்தே சொல்லிவிடுவார்கள், முதலாளியின் வண்டி வருகிறது என்று.

நானும் சூசையும் ஹார்பரில் ஒரே கேங்கில் வேலைக்குச் சேர்ந்தோம். கப்பல் மேல் அடுக்கிய கன்டெய்னர்களை இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டும் வேலை. அவன் ராயபுரம், கோயிலுக்குப் பின்னால் வீடு. ஒரு தடவை கம்பி அறுந்து, சாட்டை மாதிரிச் சுழன்று வந்தபோது, அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றியவன் நான். இந்தத் தொடரின் ஆரம்பத்திலேயே அதை விவரமாக எழுதியிருக்கிறேன்.

நான் முதல் லாரி வாங்கியபோது அவன்தான் டிரைவர். இப்போது என் யார்டுக்கு அவன்தான் சூப்பர்வைசர். எல்லோரும் என்னை முதலாளி என்பார்கள். அவன் மட்டும் மாமு என்பான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் பேசுவதை சூசை மாதிரிக் காது கொடுத்துக் கேட்கிற ஆள் உலகத்தில் கிடையாது. வண்டி வரிசையில் நிற்கும்போது நானும் அவன் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். அரசியல், சினிமா, யூனியன், என் வாழ்க்கை என்று எல்லாவற்றையும் பேசுவேன். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்ல மாட்டான். தலையை ஆட்டிக்கொண்டே இருப்பான்.

அந்த வரிசையைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எண்ணூர் ரோட்டில் டிரெய்லர்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஹார்பர் கேட்டை நோக்கி நிற்கும். காலையில் சேர்ந்த வண்டி எப்போது உள்ளே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கடல் காற்றும் லாரிப் புகையும் சேர்ந்து கண்ணைச் சொக்க வைக்கும். கண் அசந்தால் முன்னால் வண்டி நகரும், பின்னால் இருக்கிறவன் மூக்கை நுழைத்துவிடுவான். அதனால் தூக்கம் வராமல் இருக்க மாவா.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாக்குச் சீவலும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்து, ஒரு பிளாஸ்டிக் தாளில் வைத்துத் தேய்த்துக் கொடுப்பார்கள். கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டால் ஒரு சூடு ஏறும், கண் திறந்துகொள்ளும். விற்கக் கூடாது என்று தடை இருக்கிறது. தடை போட்ட சரக்கு எந்தச் சந்தில் கிடைக்கும் என்று தெரியாத டிரைவர் எங்கள் பக்கத்தில் உண்டா? நான் தொட்டதில்லை. பல் கறை ஆகிவிடும் என்கிற பயம்தான் காரணம். என் பல் இந்த வயதிலும் வெள்ளை வெளேரென்று இருக்கும். சூசைக்கு ஒரு கன்னம் எப்போதும் கொஞ்சம் உப்பித்தான் இருக்கும்.

மூன்று விரல்

முட்டை விஷயம் நடந்து சில மாதம் கழித்து, ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் நஸ்ரின் என் யார்டுக்கு வந்தாள். வாணியம்பாடிப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். டிரைவர்களின் வாயைப் பரிசோதிக்க வேண்டும், புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடிக்க ஆராய்ச்சி செய்கிறோம், உங்கள் இடம் வேண்டும் என்று கேட்டாள்.

நான் எதையும் சின்னதாகச் செய்கிறவன் இல்லை. ஷாமியானா, நாற்காலி, டீ, பிஸ்கட், என் படம் போட்ட பேனர். டாக்டர் பேனரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஐயா, எலெக்ஷன்ல நிக்கிறீங்களா?"

"இல்லம்மா. ஏன்?"

"எதுக்காக வரணும்னு இதுல எங்கயுமே போடலையே."

பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

பரிசோதனை ரொம்ப எளிது. கையின் மூன்று விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் நுழைக்க வேண்டும். நுழைந்தால் நல்லது. நுழையாவிட்டால் உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பாள். மாவா போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் மாதிரி இறுகிப்போய்விடுமாம். வாய் சுருங்கிக்கொண்டே வரும். அந்த இறுக்கத்திலிருந்து சிலருக்குப் புற்று கிளம்பும். வலியே இருக்காது என்பதுதான் அதன் கெட்ட குணம் என்றாள்.

வியாசர்பாடி ஜெகன் என்று ஒரு டிரைவர். ஃபுட்பால் ஆடுகிற பையன். அவனுக்கு ரெண்டு விரலுக்கு மேல் போகவில்லை.

"என் வெரலு மொத்த வெரலு டாக்டர், அதான்."

"காரம் சாப்பிட்டா எரியுதா?"

"எங்க வூட்ல காரமே போடறதில்ல டாக்டர்."

"எப்போலேர்ந்து போடறதில்ல?"

ஜெகன் குனிந்து தன் விரல்களைப் பார்த்தான். அவன் நின்ற நிற்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று தனம் கடைத் தட்டு கண் முன்னால் வந்தது. ரெண்டாக வெட்டிய முட்டை. வாயை மூடிக்கொண்ட கை.

சூசை எங்கே என்று தேடினேன். காலையிலேயே தானே ஒரு டிரெய்லரை எடுத்துக்கொண்டு அத்திப்பட்டுக்குப் போய்விட்டானாம். வண்டிக்கு டிரைவர் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனானாம். டிரைவர்கள் எல்லோரும் என் ஷாமியானாவில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள்.

"டாக்டரம்மா, ஒரு ஆளுக்கு அவிச்ச முட்டை முழுசா வாய்க்குள்ள போகலன்னா, அதுவும் இதுதானா?"

நான் வேடிக்கை பேசுகிறேன் என்று முதலில் நினைத்தாள். தனம் கடையைச் சொன்னேன், வழக்கத்தைச் சொன்னேன், அவன் முன்பு எப்படிச் சாப்பிடுவான் என்பதைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

"அவரை எப்படியாவது கூட்டிட்டு வாங்க ஐயா. இந்த வாரமே."

மூன்று விரல் கணக்கு எல்லா டாக்டருக்கும் தெரிந்ததுதான். முட்டைக் கணக்கைக் கண்டுபிடித்தவன் நான். இப்போது டாக்டர் போகிற இடத்தில் எல்லாம் அதைச் சொல்லிக் கேட்கிறாள், என் பெயரைச் சொல்லாமல்.

காரம் இல்லாத குழம்பு

அன்று சாயங்காலமே ராயபுரம் போனேன். சூசை இன்னும் வீட்டுக்கு வரவில்லை. அவன் மனைவி ரெஜினா வஞ்சிர மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. கேட்டுவிட்டேன்.

"அவனுக்குக் காரம் ஒத்துக்குதா, ரெஜினா?"

அவள் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அத்த ஏண்ணே கேக்குற? கொழம்பு வாயில வைக்க முடியல, எரியுதுன்னு டெய்லி ஒரே ரோதன. என் கை மாறிப்போச்சுன்னு நெனச்சுகினு மிளகாத்தூள் அரைக்கிற மிஷினையே மாத்துனேன். அப்பால கஞ்சி கேட்டாரு. எம்மேல இன்னா கோவமோன்னு மாதாகிட்ட மெழுகுவத்தி கூட ஏத்தினேன்."

சூசை வந்தான். என்னைப் பார்த்ததும் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"நான் எங்கயும் வரல மாமு. உடு."

"ஒரு சின்னத் துணுக்கு சதை எடுத்துப் பாப்பாங்க. அவ்ளோதான்டா."

"எங்க அண்ணனுக்கும் அவ்ளோதான்னாங்க. கத்தி பட்டதும் பரவிடுச்சி. தூக்கினு போனது இதே வூட்லேருந்துதான். நீயும்தான தோள் குடுத்த?"

குடுத்தேன். மறக்கவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்கிறவனா நான்?

"டேய், கப்பல்ல கரி வருது. எறக்கறதுக்கு முன்னாடி சாம்பிள் எடுக்கறானா இல்லியா? சாம்பிள் எடுத்ததால கரி கெட்டுப்போச்சுன்னு எவனாச்சும் சொல்லிக்கீறானா?"

"கரிக்கு வலிக்காது. கரிக்குப் பொண்டாட்டி இல்ல. நீ எல்லாத்துக்கும் ஒரு கதை வச்சினுருப்ப. போ மாமு."

அவன் என்னை இப்படி எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. அந்த நேரம் ரெஜினா எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். பாத்திரம் உருளும் சத்தம், தண்ணீர் கொதிக்கும் சத்தம். டிவியில் யாரோ எதற்கோ கை தட்டினார்கள்.

ஒரு கிண்ணத்தில் அவித்த முட்டையை, தோல் உரித்து, அவன் முன்னால் வைத்தாள்.

"போடு. முழுசா. போட்டுட்டன்னா அப்பால நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். அண்ணனும் கேக்க மாட்டாரு."

"சொம்மா இரு ரெஜி."

"போடுய்யா."

எடுத்தான். வாயைத் திறந்தான். அவ்வளவுதான் திறந்தது. முட்டையைப் பல்லில் வைத்து அழுத்தினான். இன்னும் அழுத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது. வெள்ளைக்கரு பிளந்து மஞ்சள் பொடிப்பொடியாக அவன் பனியன் மேல் உதிர்ந்தது. முட்டையை அவன் விடவில்லை. உடைந்ததைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கப்பல் மேல்தட்டில் மழையில் கம்பி கட்டினவன் கை அது.

"பயமா கீது ரெஜி."

அவள் முந்தானையால் அவன் மார்பில் உதிர்ந்ததைத் தட்டிவிட்டாள். "எனக்கும்தான். ரெண்டு பேருமா போலாம்."

பின்னால் உட்காருங்க

அந்த ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒன்று புரிந்தது. அங்கேயும் ஹார்பர் கேட் மாதிரி வரிசைதான். ஆந்திராவிலிருந்து ஒரு குடும்பம், எங்கோ வடகிழக்கிலிருந்து ஒரு கணவனும் மனைவியும், தலையணையோடு வந்தவர்கள், சோற்றுத் தூக்கோடு வந்தவர்கள். தலையில் முடி இல்லாத ஒரு சின்னப் பெண் பிள்ளை, எல்லோருடைய செருப்பையும் ஜோடி சேர்த்து வைத்து விளையாடிக்கொண்டிருந்தது.

நான் நேராகக் கவுன்ட்டருக்குப் போனேன்.

"நான் யாருன்னு தெரியுதாம்மா?"

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "தெரியலைங்களே. பேஷன்ட்டா?"

"இல்ல."

"அப்போ பின்னாடி உக்காருங்க. பேஷன்ட் மட்டும் முன்னாடி."

சூசை சிரித்தான். பல நாளைக்கப்புறம் சிரித்தான். அதற்காக அந்த நர்ஸை மன்னித்துவிட்டேன்.

சதையை எடுத்துப் பார்த்தார்கள். இடது கன்னத்தின் உள்பக்கம் புற்று. சின்னது. கழுத்துக்கு இறங்கவில்லை. டாக்டர் நஸ்ரின் பெரிய டாக்டரோடு வந்து உட்கார்ந்து விளக்கினாள். சூசை கேட்டது ஒன்றே ஒன்றுதான், அவன் அண்ணனைப் பற்றி. கத்தி பட்டதால்தான் பரவியதா?

"இல்லைங்க. அவர் வந்தப்பவே பரவியிருக்கும். சதை எடுத்த பிறகுதான் உங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு. அதனால கத்தி மேல பழி விழுந்துடுச்சு."

அண்ணன் செத்ததிலிருந்து தூக்கிக்கொண்டிருந்த ஒரு கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாத மாதிரி இருந்தது சூசையின் முகம்.

ஆபரேஷன் என்றார்கள். கெட்ட இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, தொடையிலிருந்து சதை எடுத்து வைத்துத் தைப்பார்கள். பிறகு கரண்ட் வைப்பார்கள். எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சை அப்படித்தான் சொல்வோம். தொடைத் தோல் ஆனதால் வாய்க்குள்ளே சில பேருக்கு முடி முளைக்கும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார் பெரிய டாக்டர்.

"அப்போ வாய்க்குள்ளயும் ஷேவிங் பண்ணணுமா சார்?" என்று கேட்டான் சூசை. பெரிய டாக்டரே சிரித்துவிட்டார்.

ஆபரேஷன் நடந்த அன்று நானும் ரெஜினாவும் வெளியே உட்கார்ந்திருந்தோம். அவள் ஜெபமாலையை உருட்டினாள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. செருப்பு அடுக்கிய குழந்தையைத் தேடினேன். அன்றைக்கு அதைக் காணவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை.

நல்ல பக்கம் எது

தையல் ஆறி, கரண்ட் வைத்து முடிந்த பிறகு டாக்டர் நஸ்ரின் வேறொரு விஷயத்தோடு வந்தாள். வைத்தியம் முடிந்தாலும் வாய் மறுபடி இறுகும். தினமும் பயிற்சி செய்யாவிட்டால் கஞ்சி குடிக்கக்கூட ஸ்ட்ராதான் கதி. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்து, சில நாளைக்கு ஒரு முறை ஒரு குச்சி கூடுதலாகச் சொருகிக்கொண்டே வர வேண்டும். வலிக்கும். முக்கால்வாசிப் பேர் வீட்டுக்குப் போனதும் விட்டுவிடுகிறார்கள். அதனால் ரெண்டு விதமாகச் செய்து பார்க்கிறார்கள். ஒரு குழுவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் போன் போகும். இன்னொரு குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு கூட்டாளி. அவரும் கூடவே உட்கார்ந்து குச்சி வைத்துக்கொள்ள வேண்டும். எது நிலைக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. சேருவதும் சேராததும் உங்கள் இஷ்டம், சேராவிட்டாலும் வைத்தியத்தில் ஒரு குறையும் வராது என்றாள்.

"நான் இன்னா எலியா டாக்டர்?" என்றான் சூசை. நாக்கு இன்னும் தடித்துத்தான் பேசினான்.

"எலியைக் கேட்டுட்டா செய்வாங்க? உங்களைக் கேக்கறேன் இல்ல?"

யோசித்தான். "எங்க அண்ணன மாரி ஆளுங்களுக்கு இத்தால எதுனா ஆவுமா?"

"ஆகணும்னுதான் செய்யறோம்."

"அப்போ எழுதிக்கோங்க."

எந்தக் குழு என்பதை, ஒட்டி மூடிய கவர் ஒன்றைப் பிரித்துத்தான் முடிவு செய்வார்களாம், குலுக்கல் மாதிரி. எனக்கு அது பிடிக்கவில்லை. டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"நம்ம ஆளுமா. பாத்து நல்ல பக்கமா போட்டு உடுங்க."

அவள் கோபப்படவில்லை. "எது நல்ல பக்கம்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா, இந்த ஆராய்ச்சியே வேண்டாமே ஐயா."

இந்த வயது வரைக்கும் என் பிழைப்பே, எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று சொல்லித்தான் ஓடியிருக்கிறது. கேட்டில், யூனியனில், வங்கியில் அப்படித்தான் பேசி ஜெயித்திருக்கிறேன். அத்தனை படித்த பெண், தெரியாது என்று இவ்வளவு தைரியமாகச் சொல்கிறாளே என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். தெரியாததைத் தெரியாது என்று வைத்துக்கொண்டு, அதன் பக்கத்திலேயே பொறுமையாக உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலைதான் போலிருக்கிறது. எனக்கு அந்த வேலை வராது.

கவரைப் பிரித்தார்கள். கூட்டாளிக் குழு.

ரெஜினா முன்னால் வந்தாள். சூசை தலையை ஆட்டி வேண்டாம் என்றான். என்னைக் காட்டினான்.

"இவனப் போடுங்க டாக்டர். இவன் வாய் மூடி நான் ஒரு நாளாச்சும் பாக்கணும்."

குச்சிகள்

யார்டின் தகர ஷெட்டில் காலையும் மாலையும் நாங்கள் ரெண்டு பேரும் எதிரெதிரே உட்காருவோம். வாயில் குச்சிக் கட்டு. பேச முடியாது. டிரைவர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "முதலாளி பேசாம குந்திகினு கீறாருடா, போட்டோ எடு" என்று ஓடுவார்கள். யாரையும் திட்டக்கூட முடியாது.

முதல் சில நாள் எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போல இருந்தது. சொல்ல வேண்டியது எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நிற்கும். பிறகு காது திறந்துகொண்டது. டிரெய்லர் பின்னால் போகும்போது அடிக்கிற பீப் சத்தம். தகரத்தின் மேல் காக்காய் நடக்கிற சத்தம். மெட்ரோ ரயில் விம்கோ நகரை நெருங்கும்போது வருகிற மெல்லிய உறுமல். இத்தனை வருஷம் என் சொந்த யார்டு எப்படிச் சத்தம் போடும் என்றே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

புதுக் குச்சி சொருகும் நாளில் சூசையின் கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். அழுகை இல்லை, வலி. சதை விட மாட்டேன் என்னும், இவன் விடு என்பான். அந்த நாளில் நானும் ஒரு குச்சி கூடுதலாக வைத்துக்கொள்வேன். எனக்கு அது ஒரு வலியே இல்லை. ஆனாலும் வைத்துக்கொள்வேன்.

குச்சியை எடுத்ததும் அவன் பேச ஆரம்பிப்பான். மாவாவை விட்ட பிறகு அவன் எவ்வளவு பேசுகிறான் என்று நினைக்கிறீர்கள்! சொல் குழறும், ஆனால் நிற்காது. ஒரு நாள் சொன்னான்:

"மாமு, அந்தக் கம்பி அறுந்த கதைய நீ எப்பவும் தப்பா சொல்ற. உன் சட்டயப் புடிச்சி இஸ்தது நானு."

"டேய், வரிசையில நிக்கும்போது எத்தினி வாட்டி உன் எதிர்லயே சொல்லிக்கீறேன். நீ தலய ஆட்டினியே!"

"வாய்ல மாவா கீது. துப்பிட்டு உன்னாண்ட சண்டை போடவா? ஆட்டினேன், அவ்ளோதான்."

அன்றைக்கு எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. இத்தனை வருஷம் என்னோடு ஒத்துப்போகிற ஒரே ஆள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தது அவன் கன்னத்தில் இருந்த ஒரு உருண்டையை. கம்பி விஷயத்தில் என் ஞாபகம்தான் சரி. இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அவன் சொன்னதையும் எழுதிவிட்டேன். ரெண்டையும் படித்துவிட்டு வாசகர்கள் எதையாவது நினைத்துக்கொள்ளட்டும்.

ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. எங்கள் குழு ஜெயிக்கிறதா, போன் குழு ஜெயிக்கிறதா என்று டாக்டரைக் கேட்டேன். வியாசர்பாடி ஃபுட்பால் மேட்ச் மாதிரி நடுவில் ஸ்கோர் சொல்ல முடியாதாம். ஜெகனும் அவளிடம் போய் வருகிறான். அவனுக்குப் புற்று இல்லை. மாவாவை விட்டுவிட்டான். விட்டுவிட்டேன் என்று சொல்கிறான். அவன் கன்னத்தை நான் தினமும் பார்க்கிறேன்.

தனம் கடை

ரெஜினாவின் அனுமதி வாங்கிக்கொண்டு இந்த மாதம்தான் மறுபடி எர்ணாவூர் போனோம். இருட்டத் தொடங்கியிருந்தது. தனம் வண்டியில் பல்பு போட்டிருந்தாள். சூசையைப் பார்த்ததும் கை கழுவிக்கொண்டு வெளியே வந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் இடது கன்னம் கொஞ்சம் உள்வாங்கித்தான் இருக்கும். அதை அவள் பார்க்காத மாதிரி இருந்தாள்.

"முட்டை தரட்டாண்ணே? மசிச்சுத் தரவா?"

சூசை மூன்று விரலை அடுக்கி வாயில் வைத்துப் பார்த்தான். மூன்றாவது பாதியில் நின்றது. போன மாதம் அதுகூடப் போகவில்லை.

"மசிக்க வாணாம். ரெண்டா வெட்டு. ரெண்டு போதும். காரம் மட்டும் வாணாம்."

"எனக்கும் ரெண்டா வெட்டு," என்றேன். சாப்பிட்டேன். வெங்காயம் என் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. எவனோ சிரித்தான். சிரிக்கட்டும்.

அப்போதுதான் வண்டியின் மறுபக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அக்கா, முட்டைய நாலா வெட்டுக்கா. மிளகாத் தூள் போடாத."

திரும்பிப் பார்த்தேன். கழுத்தில் ஹார்பர் ஐடி கார்டு மாட்டிய ஆள். கிரேன் ஓட்டுகிறவன் மாதிரி இருந்தான். நல்ல உடம்பு. ஒரு கன்னம் கொஞ்சம் உப்பி இருந்தது.

எனக்குள்ளே பேச்சு தயாராகவே இருந்தது. மாவா, இறுகுகிற சதை, மூன்று விரல், நான் கண்டுபிடித்த முட்டைக் கணக்கு, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எழுந்தேன். சூசை என் தோளை அழுத்தி உட்கார வைத்தான்.

தட்டை வைத்துவிட்டு அவனே போனான். அந்த ஆளுக்கு எதிரே, பல்புக்குக் கீழே போய் நின்றான்.

"இன்னா பெருசு?" என்றான் அவன்.

சூசை தலையைக் கொஞ்சம் அண்ணாந்து, வாயைத் திறந்தான். எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவும் திறந்தான். உள்ளே தையல் போட்ட தடம், தொடையிலிருந்து வந்து ஒட்டிய, நிறம் வேறான சதை. சொந்தப் பெண்ணுக்குக்கூட அவன் காட்டாதது அது.

அந்த ஆள் மெல்லுவதை நிறுத்திவிட்டான். ரோட்டுப் பக்கம் திரும்பித் துப்பினான். வாயைத் துடைத்துக்கொண்டு சூசையைப் பார்த்தான்.

"மூணு வெரலு," என்றான் சூசை, தன் கையை அடுக்கிக் காட்டி. "வச்சுப் பாரு நைனா."

அந்த ஆள் கையைக் கால்சட்டையில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு, விரல்களை அடுக்கி வாயருகே கொண்டுபோனான். தனம் பல்பை அவன் பக்கம் திருப்பினாள்.